தண்ணீருக்குள்ளிருந்து வந்த 'வோ'

மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம். கலையரசி நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போது போன் அடித்தது. மொசாம்பிக்கில் வேலை பார்க்கும் புருஷன் மணிவண்ணன். அவன் குரலுக்கு முன்னால் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

"ஆறு உடைச்சிக்கினு வந்துடுச்சி கலை. குடோன் மாடியில நிக்கிறோம். கீழ கழுத்தளவு ஓடுது. எங்கள ஏத்திக்கினு போக போட்டு வந்துக்கினு இருக்குது, பயப்படாத."

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் பயந்துபோய் "அத்தே!" என்று கூப்பிட்டாள். மாமியார் ரேணுகாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து போனருகே காதை வைத்தாள்.

அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். மணிவண்ணன், "வோ! வோ!" என்று பதிலுக்குக் கத்தினான்.

கலையரசிக்கு அந்தச் சொல் தெரியும். கிளம்பும் முன் அவன் போர்ச்சுகீசு பாடத்தைப் போனில் ஓடவிட்டு மனப்பாடம் செய்தபோது கூடவே இருந்து கேட்டவள். வோ என்றால் போறேன். பால் வாங்கப் போகிறவன்கூட 'போயிட்டு வரேன்' என்று சொல்லிப் படியிறங்கும் வீடு அது.

"ஐயோ, அந்த வார்த்தைய சொல்லாதீங்க! வரேன்னு சொல்லுங்க!"

"அட, கூப்பிட்டா இங்க அப்படித்தாம்மா சொல்லுவாங்க. தோ வந்துட்டேன்னு அர்த்தம். வரேன்னு சொன்னா சிரிப்பானுங்க." சிரிக்கப் பார்த்தான். மூச்சு இரைத்தது.

"அப்ப எனக்குத் தமிழ்ல சொல்லுங்க. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

மறுபடி கத்தினார்கள். இந்த முறை நிறையக் குரல்கள். படகு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. அவன் "போயி..." என்று ஆரம்பித்தான். படகு அதிக நேரம் நிற்காது என்பது அவளுக்கு இங்கேயே தெரிந்துவிட்டது.

"பேசாதீங்க! போங்க! போங்க!"

ரேணுகாம்பாள் அவள் வாயைப் பொத்தினாள். "இன்னாடி சொல்ற, பாவி!"

போன் அடங்கிவிட்டது.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. போனைத் தரையில் வைத்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்போது அது அடித்தது. மணிவண்ணனோடு அங்கே வேலை செய்யும் வாலாஜாபாத் சீனிவாசன்.

"அண்ணி, நாங்க ஏறிட்டோம். அண்ணன் கடைசியா படிக்கட்டுல எறங்கினாரு. போட்டுக்காரன் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கினே இருந்தான். தண்ணிக்குள்ளருந்து வோ, வோன்னு பதில் வந்துச்சி அண்ணி. அப்புறமும் கூப்பிட்டான், கூப்பிட்டான்..."

"அப்புறம்?"

சீனிவாசன் அழுதான்.

ரேணுகாம்பாள் அவள் தோளை உலுக்கினாள். "இன்னாமா சொல்றான்? வரானாமா?"

கலையரசி போனை அணைக்காமல் கீழே வைத்தாள்.

"அத்தே, என் கையப் பிடிச்சிக்குங்க."