ஒரு காசுக்கு ஒரு விரற்கடை

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆறாம் தேதி காலை எட்டரை மணிக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கைத் திறந்தபோது, முந்தின நாள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஏழாயிரத்து இருநூறு டின் காளானும் தரையிலிருந்து நூற்று முப்பது விரற்கடை உயரத்தில், அதாவது ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றரை முழத்தில், ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. அட்டைப் பெட்டிகள் கிழிந்து கீழே கிடந்தன. சுங்க அதிகாரி ஹக்கீம் ஏணி போட்டு ஏறி எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரி, டின்னில் ஓட்டை இல்லை, தேதி தாண்டவில்லை, சரக்கு தரையில் இல்லை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுவித்தார். சரக்கு தரையில் இருந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை என்பது அவர் வாதம். அது உண்மைதான்.

முதல் வாரம் பினாங்குத் தீவிலிருந்து ஃபெரி ஏறி வந்து பார்த்தார்கள். டின்னின் அடியில் அச்சடித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரி எடுத்தார்கள். நம்பர் அடிக்கவில்லை. நம்பர் அடிக்காத அதிசயம் எங்கள் ஊரில் பத்து நாளைக்கு மேல் தாங்காது. பிறகு அது வெறும் மலிவு விலைக் காளான் ஆகிவிட்டது. கடைக்காரர்கள் கூரைக்குக் கீழே மீன் வலை கட்டினார்கள். வாங்குபவர்கள் டின்னுக்கு ராஃபியா கயிறு கட்டி, பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். திறந்துவிட்டால் காளான் சாதாரணக் காளானாகத்தான் இருந்தது, சட்டியில் ஒழுங்காகக் கிடந்து வெந்தது. தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை, விலையும் ஒரு வெள்ளிக்கு, அதாவது நூறு காசுக்கு, மேல் குறைவு, வேறென்ன வேண்டும் என்றார்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு என்று முதலில் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் தயாளன். காளானை அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனி விலையில் இன்னும் ஐந்து காசு தள்ளிக் கொடுத்த அன்று, அவர் கடையில் அத்தனை டின்னும் இன்னும் ஐந்து விரற்கடை மேலே போயின. அடக்க விலைக்குக் கீழே எத்தனை காசுக்கு விற்கிறார்களோ அத்தனை விரற்கடை. அவர் இதைப் பெரிதுபடுத்தவில்லை, வலையை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்.

பினாங்கில் டின் காளான் விளையாட்டான சரக்கு இல்லை. புரட்டாசி பிறந்தால் நம் ஆட்கள் ஒரு மாதம் சைவம். அதே வாரங்களில் சீனர்களுக்கு ஒன்பது சாமி விரதம், மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் எல்லாம் சைவச் சாப்பாடு. ஆட்டிறைச்சி இருந்த இடத்தில் காளான் உட்கார்ந்துகொள்ளும். டின் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று வருடத்தில் பாதிச் சம்பாத்தியத்தை அந்த ஆறு வாரத்தில் பார்த்துவிடும். ஜூருவில் அப்படி ஒரு தொழிற்சாலை இருந்தது. வேலு சுங்கை பாக்காப்பில் கொட்டகை போட்டுக் காளான் வளர்த்தார். அவர் மனைவி ருக்குமணி ஜூருவில் முப்பத்தொரு பேரை வைத்து அதை டின்னில் அடைத்தார். மாதம் ஐம்பதாயிரம் டின். மிதக்கும் டின் வந்த பிறகு ஆர்டர் பாதியாகக் குறைந்தது; விளைந்த காளான் காத்திருக்காது என்பதால் டின் அடைப்பது மட்டும் குறையவில்லை.

ருக்குமணி மார்ச் மாதம் தன் கணக்கில் அடக்கத்துக்குப் பன்னிரண்டு காசு கீழே டின் விலையைக் குறைத்தார். தன் சம்பளத்தையும் நிறுத்திக்கொண்டார். வேலுவிடம் இரண்டையும் சொல்லவில்லை, ஏற்கனவே அவருக்கு ரத்தக் கொதிப்பு. மறுநாள் காலை கிடங்கில் அவருடைய டின்களும் பதினெட்டு விரல் உயரத்தில் நின்றன. மிதக்கிற டின் என்றால் ஊரில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். பேங்க்காரனுக்குத் தெரிந்தால் கடனைத் திருப்பிக் கேட்பான், ஆட்களுக்குத் தெரிந்தால் வேறு வேலை தேடுவார்கள். அதற்கும் மேலே, அடக்கத்துக்குக் கீழே விற்பவன் குற்றவாளி என்றால் தானும் குற்றவாளிதானே என்ற பயம். அன்றைக்கே இரும்புக் கடையில் மூன்று காசு விலையில் ஐம்பதாயிரம் வாஷர் வாங்கி, ஒவ்வொரு டின்னின் அடியிலும் ஒன்றை ஒட்டினார். டின் உருளாமல் நிற்க ஸ்டாண்டு என்று கடைக்காரர்களிடம் சொன்னார். டின்கள் அடங்கி உட்கார்ந்தன. ஆனால் வாஷருக்குக் கொடுத்த மூன்று காசு நட்டத்தோடு சேர்ந்து, ஒரு வாரத்தில் மூன்று விரல் கூடியது. இரண்டாவது வாஷர் ஒட்ட வேண்டியதாயிற்று. அதற்கு இன்னொரு மூன்று விரல். மூன்றாவது வாஷர் கேட்காமல் டின்கள் ஏதோ பெரிய மனது பண்ணி அத்தோடு நின்றன. அதே மாதத்திலிருந்து அவர் சுடிதாரை விட்டுவிட்டு, தரையைக் கூட்டும் நீளத்துக்குச் சேலை கட்டி வேலைக்கு வந்தார். டின் அடைக்கிற இடத்தில் சேலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பக்தி கூடிவிட்டது என்று வேலு நினைத்துக்கொண்டார்.

அந்தப் புரட்டாசியில் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் விற்றது. பெருமாள் கோயில் அன்னதானத்துக்கு வருடா வருடம் கொடுக்கும் இருநூறு டின்னைக்கூட ருக்குமணியால் கொடுக்க முடியவில்லை. இன்னொரு புரட்டாசி இப்படிப் போனால் தொழிற்சாலைக்குப் பூட்டுதான். அதனால் மனுக் கொடுத்தார். வெளிநாட்டுச் சரக்கை அடக்க விலைக்குக் கீழே இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள், விசாரித்து வரி போடுங்கள் என்று கேட்கிற மனு. நாற்பத்தாறு பக்கம். உங்களுக்கு நேர்ந்த பாதிப்பு என்ன என்ற பக்கத்தில் ஆர்டர் குறைந்ததை மட்டும் எழுதினார். விலை விஷயத்தில் பாதிப்பு எதுவும் இல்லை என்று தலைநிமிர்ந்து எழுதிவைத்தார்.

விசாரணை அதிகாரியாக வந்தவர் தர்மினி. யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், ஜார்ஜ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், மூன்று தலைமுறையாகக் கோப்புப் பார்த்த வீடு. ஆறு மாதம் ஓடியாடி வேலை பார்த்தார். ஏற்றுமதிக் கம்பெனியின் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. டின் மிதப்பது காற்றடைத்த கோளாறு என்றார் முதலில். எடை போட்டுக் காட்டியதும், சரி, மிதக்கிறது, அதனால் இங்கே யாருக்கு என்ன கஷ்டம் என்றார். இந்த அம்மாவின் டின்னைப் பாருங்கள், பாறை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, நட்டமே இல்லாதவருக்கு எதற்கு வரி என்றார். அதற்குத் தர்மினியிடம் பதில் இல்லை. ருக்குமணியிடம் இருந்தது, அதை அவர் வாஷர் போட்டு அழுத்தி வைத்திருந்தார். கோப்பை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது தொழிற்சாலையை நேரில் பார்ப்பது ஒன்றுதான்.

2024 மே மாதம் ஒரு புதன்கிழமை தர்மினி ஜூருவுக்கு வந்தார். வேலுவும் வந்திருந்தார். கொள்முதல் சிட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்த தர்மினி ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அக்கா, மாசம் ஒரு லட்சம் வாஷர் வாங்கியிருக்கீங்க. காளான் பேக்டரில வாஷர் எதுக்கு?"

"ஸ்டாண்டு மிஸ்," என்றார் ருக்குமணி. "டின் உருளாம இருக்க."

"டின் எங்க அக்கா உருளுது?"

தர்மினி மேசைமேல் இருந்த ஒரு டின்னைத் திருப்பி, காகிதம் வெட்டும் கத்தியால் இரண்டு வாஷரையும் நெம்பி எடுத்தார். கையை விட்டதும் டின் மெதுவாக மேலே போய், உட்கார்ந்திருந்த வேலுவின் மூக்குக்கு நேரே இருபத்து நான்கு விரல் உயரத்தில் நின்றது. வேலு டின்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"எத்தனை நாளா ருக்கு?"

"பதினாலு மாசம்." ருக்குமணிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எழுதிக்கோங்க மிஸ். நானும் அவங்க மாதிரிதான் வித்தேன். கேஸை மூடிருங்க."

தர்மினி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அக்கா, சட்டம் ரெண்டு விஷயம் கேக்குது. அவங்க அடக்கத்துக்குக் கீழ விக்கிறாங்களான்னு ஒண்ணு. அதனால இங்க இருக்கிறவங்க விலையும் சேர்ந்து விழுந்துச்சான்னு இன்னொண்ணு. முதல் விஷயம் பட்டர்வொர்த்துலயே மிதக்குது, உலகத்துக்கே தெரியும். இந்த ரெண்டாவதைத்தான் நான் ஆறு மாசமா தேடுறேன் லா. நீங்க ஒரு லட்சம் வாஷர் போட்டு ஒளிச்சு வச்சிருக்கீங்க."

அவர் டேப்பை எடுத்து மேசைக்கும் டின்னுக்கும் நடுவே அளந்தார். மூன்று முறை அளந்து எழுதிக்கொண்டார். அன்று பிற்பகல் முப்பத்தொரு பேரும் வரிசையாக உட்கார்ந்து வாஷர் நெம்பினார்கள். நாலு மணிக்குக் கிடங்கு முழுவதும் டின்கள் ஒரே மட்டத்தில் எழும்பி நின்றன. அதைப் பார்த்த வேலுவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. ருக்குமணிக்குப் பதினாலு மாதத்துக்குப் பிறகு அன்று ராத்திரி தூக்கம் வந்தது.

வக்கீலுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. செப்டம்பர் மாதம் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வரி அமலுக்கு வந்தது. அந்த நேரத்தில் பினாங்கு முழுக்க, பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வலைகளிலும் கூரைகளிலும் இருந்த அந்நிய டின்கள் இறங்கின. விழவில்லை, பதவிசாக இறங்கின. ஒருவருக்கும் அடிபடவில்லை. தயாளன் வலையை அவிழ்த்து மடித்து, மீன்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ருக்குமணி வாஷரை நிறுத்தி, குறைத்த பன்னிரண்டு காசையும் விலையில் ஏற்றினார். ஆர்டர்கள் வந்து குவிந்தன. அவருடைய டின்களும் இறங்கின, ஆனால் ஆறு விரல் மிச்சம் வைத்து நின்றுவிட்டன. எங்கேயோ ஆறு காசு விட்டுப்போயிருந்தது. வேலுவும் அவரும் மூன்று நாள் உட்கார்ந்து தேடினார்கள். கேஸ் சிலிண்டர், உப்பு, லேபிள், தண்ணீர் பில், லோரி வாடகை, எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை, பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த நோர்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். ஆரம்ப நாளிலிருந்து வேலை செய்பவர். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "டின்னையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க அக்கா. உங்க காலைப் பாருங்க. ஒன்றரை வருஷமா நான் மாப் போடும்போது நீங்க காலைத் தூக்கினதே இல்லை. மாப் அடியில போயிட்டு அந்தப் பக்கம் வருது."

வேலு குனிந்து சேலை ஓரத்தை விலக்கிப் பார்த்தார். ருக்குமணியின் செருப்புக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. மனிதருக்கு என்ன கணக்கு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் விட்டுப்போனது எது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு மாதச் சம்பளம் மூவாயிரம் வெள்ளி, ஐம்பதாயிரம் டின், ஆறு காசு. "உன் வேலை சும்மா வந்ததா ருக்கு?" என்று வேலு கேட்டார். நீ சொல்லவில்லை, நான் பார்க்கவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவரே விலைப் பட்டியலில் ஆறு காசு கூட்டி எழுதினார். நோர்மாவும் மாப்பை எடுத்துக்கொண்டு மிச்சத் தரையைத் துடைக்கப் போனார்.

திருத்திய விலைப் பட்டியல் தர்மினியின் கோப்புக்கும் போயிற்று, காரணத்தோடு. அன்று மாலை வீட்டுக்குப் போன தர்மினி, சமையலறை வாசலில் நின்று அம்மா யோகம்மாவின் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் போலிருந்தது. அம்மா மெதுவாக நடப்பவர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். கரண்டியை வாங்கிக்கொண்டு, அம்மாவைப் போய் உட்காரச் சொன்னார்.

செப்டம்பர் முடிந்து சம்பள நாளில் ருக்குமணியின் பெயரிலும் பணம் ஏறியது. டின்கள் தரையில் உட்கார்ந்தன. வேலை நெருக்கடியில் அவர் தன் காலைப் பற்றி மறந்தே போனார். அந்த வாரம் புரட்டாசி மூன்றாம் சனி. வேலு லோரியைக் கோயிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தி இருநூறு டின்னையும் அன்னதானத்துக்கென்று கொடுத்தார். கொடுத்தோம் என்று சொல்லி முடித்ததும், விலையே இல்லாத அந்த இருநூறு டின்னும் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு முந்நூற்றுச் சொச்சம் விரல் மேலே போய் மண்டபத்துக் கூரையில் ஒட்டிக்கொண்டன. வரிசையில் நின்றவர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, நகருங்க அண்ணே, நகருங்க என்று முன்னால் நகர்ந்தார்கள். சமையல்காரர் மாங்காய் பறிக்கிற கழியைக் கொண்டுவரச் சொன்னார்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த தர்மினி கூரையைக் காட்டினார். "அக்கா, இது ரொம்ப அதிகம். கேஸ் போடவா?"

"போடுங்க மிஸ்," என்றார் ருக்குமணி. "பெருமாள்தான் வந்து பதில் சொல்லணும்."

சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, கழியை வாங்க முற்றத்தில் இறங்கினார். மணி பதினொன்றரை, வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. முற்றத்துச் சிமெண்டு பாதம் முழுவதும் பட்டுச் சுரீரென்று சுட்டது. நிழலுக்கு வா ருக்கு, கால் வெந்துவிடும் என்று வேலு கூப்பிட்டார். ருக்குமணி போகவில்லை. இரண்டு பாதத்தையும் நன்றாகப் பதித்து, வெயிலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.