படகின் அடியில் ரஞ்சிதம்

ஏரிக்கு அக்கரையில் பறித்த தேயிலைக் கொழுந்து மூட்டைகளைப் படகில் இக்கரைக்குக் கொண்டுவருவது செல்லையாவின் வேலை. தோட்டத்துத் துரை போன வருஷம் அந்தப் படகுக்குப் பெரிய மோட்டார் வாங்கிப் போட்டார். தண்ணீருக்குள் சுழலும் விசிறிக்கு மட்டும் பழையதே போதுமென்றுவிட்டார். துரைமார் சிக்கனம் அப்படித்தான், பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்கும்.

அன்றிலிருந்து நடு ஏரியில் முழு வேகம் எடுத்தால் அடியிலிருந்து ஒரு சத்தம். டின்னுக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். கொழுந்து பறிக்கும் பெண்கள் கேட்டுவிட்டுப் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்லையாவுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. அணை கட்டுமுன் அந்த இடம் தோட்டத்து இடுகாடு. காய்ச்சலில் போன அவர் மகள் ரஞ்சிதம் அங்கேதான் கிடக்கிறாள். பால் டின்னில் கல் போட்டுக் குலுக்கியே தொழிலாளர் லயத்தைத் தூங்கவிடாமல் அடித்தவள் அவள்.

மகள் கூடவே வரட்டும் என்று அவளுடைய வளையல்களை மஞ்சள் துணியில் முடிந்து, படகின் அடிக்கட்டையில் விசிறிக்கு முன்னால் கட்டினார். சத்தம் கூடியது. அதைவிட அவருக்கு என்ன பதில் வேண்டும்?

ஆனால் படகு முரண்டு பிடித்தது. மோட்டார் தொண்டை கிழியக் கத்தும், படகு நகராது. தாமதத்தில் மூட்டையிலேயே கொழுந்து வெந்து பாழானதும் துரை தொழிற்சாலை ஃபிட்டர் சின்னையாவை அனுப்பினார். கரையேற்றிப் பார்த்தால், விசிறியின் இலைகள் எலி கொறித்த தேங்காய் போலக் குதறிக் கிடந்தன.

சின்னையா பொறுமையாகவே விளக்கினான். சின்ன இலையைப் பெரிய மோட்டார் சுற்றுகிற சுற்றில் தண்ணீர் பிய்ந்து குமிழியாகிறது. குமிழி உடைகிற சத்தம்தான் அது; உடைந்து உடைந்து உலோகத்தையே தின்கிறது. அகலமான இலை போட்டால் பாரம் பரவிவிடும், இலையின் முறுக்கையும் கொஞ்சம் குறைத்தால் தண்ணீர் பிய்யாது. முன்னால் கட்டிய முடிச்சும் தண்ணீரைக் கலைக்கிறது, அதையும் எடுக்க வேண்டும் என்றான்.

"அத எடுத்தா அவ வரமாட்டா, தம்பி."

"வர்றதுக்கு யாரும் இல்லண்ணே. வெறும் குமிழிதான்லா."

அவனைப் பிடித்து ஏரியில் தள்ளலாம் போலிருந்தது செல்லையாவுக்கு. துரை உத்தரவாயிற்றே, என்ன செய்வது? முடிச்சை அவிழ்த்துக்கொண்டுபோய் லயத்தில் தன் வீட்டுச் சாமி விளக்கின் முன்னால் வைத்துவிட்டு வந்தார்.

புது விசிறியோடு அக்கரைக்குக் கிளம்பியபோது சின்னையாவும் ஏறிக்கொண்டான். பட்டப்பகலிலேயே மூடுபனி ஏரியை முழுங்கியிருந்தது. படகு சமர்த்தாக ஓடியது. நடு ஏரியில் செல்லையா முழு வேகம் கொடுத்துக் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளையை இன்னொரு தரம் புதைத்தது போலிருந்தது. கொஞ்சம் அழுதுவிட்டுப் போகலாமென்று மோட்டாரை நிறுத்தினார்.

அப்போது அடியில் சரளைக்கல் குலுங்கியது.

சின்னையா நின்றுபோன மோட்டாரையே வெறித்துப் பார்த்தான். அவன் உதடு வெளுத்துவிட்டது. சத்தம் படகின் அடியில் தங்கவில்லை. மெல்ல விலகி, பனிக்குள் இக்கரை லயங்களின் பக்கமாகக் குலுங்கிக் குலுங்கிப் போனது.

செல்லையா மோட்டாரைக் கிளப்பப் பார்த்தார். முடியவில்லை.

"வீட்டுக்குப் போறா, தம்பி," என்றார். "நான் கதவப் பூட்டிட்டு வந்துட்டேன்."