பஞ்சு மூட்டைக்குக் கனம்

மூட்டைக்குள் இருந்தது பஞ்சு. கதாநாயகனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று டைரக்டர் செய்த ஏற்பாடு. கதைப்படி அது சிமென்ட். லாரியிலிருந்து ஏழு மூட்டை இறக்கிவிட்டு, அவர் நடிக்கும் கூலிக்காரன் சாகிறான். திரையிலோ துணிக்கடைப் பொட்டலம் மாதிரி தூக்கிக்கொண்டு போகிறான்.

எடிட்டருக்குக் கண் எரிந்தது. மூன்று நாளாக இதே காட்சி. நேற்று போட்டுக் காட்டியபோது தயாரிப்பாளரின் மச்சான் சிரித்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா சீனையே தூக்கிடுவேன்" என்றிருந்தார் டைரக்டர். அது போனால் அவன் எதற்குச் செத்தான் என்றே ஜனங்களுக்குத் தெரியாது.

எடிட்டர் மூட்டையைப் பற்றும் கை வரை வைத்துக்கொண்டார். தூக்கும் நொடியை வெட்டினார். நடுவில் பக்கத்து ஆளின் முகம். அப்புறம் மூட்டையோடு நகரும் முதுகு. கண்ணை ஏமாற்றியாயிற்று, காதை? தானே முக்கிப் பதிவுசெய்து ஒட்டிப் பார்த்தார்.

"என்னடா அது, மலச்சிக்கல் வந்தவன் மாதிரி?"

சோபாவில் எடிட்டரின் அண்ணன். முப்பத்தைந்து வருஷம் மூட்டை தூக்கியவர். நாலு மணிக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போவதாகத் தம்பி சொல்லியிருந்ததால், எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

"மூட்டை தூக்குறவன் வாயைத் திறக்க மாட்டான்டா. திறந்தா தெம்பு போயிடும். மூச்சு மூக்கு வழியாத்தான் வரும்."

"செஞ்சு காட்டுண்ணே."

"சும்மா வராது. கனம் வேணும். டாக்டர் தண்ணி வாளியையே தொடாதேங்குறாரு."

ஒண்ணுக்குப் போக அண்ணன் எழுந்தார். சோபா விளிம்பைப் பிடித்தார், வாயை இறுக்கினார், முட்டி சொடுக்கியது, மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு. மைக் இன்னும் அணையவில்லை.

அதை எடுத்துப் படத்தில் ஒட்டினார் எடிட்டர். பஞ்சு சிமென்ட் ஆகிவிட்டது.

அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். "பாத்தியா, என் இடுப்புக்கும் சினிமா சான்ஸ்!" ஆனால் ஏழு மூட்டைக்கும் அதே மூச்சு வந்ததும் முகம் சுளித்தார். "ஏழாவதுக்கும் முதல் மூட்டை மூச்சா? அதுக்குள்ள பாதி செத்திருப்பானேடா. மைக்கை வை."

வேண்டாம்ணே என்பது நாக்கு நுனி வரை வந்தது. கை பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டது.

அண்ணன் உட்கார்ந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்து எழும்போது பாதியிலேயே நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

"இன்னும் நாலு இருக்கே..."

"இல்லண்ணே. படத்துல மூணுதான். நீ சாஞ்சுக்கோ."

மிச்ச நாலு தூக்கலையும் வெட்டி எறிந்தார். மூன்றாவது மூட்டைக்குப் பிறகு லாரிக் கொக்கியில் தொங்கும் அவன் சட்டை மட்டும். ஆள் தெரியவில்லை. மூட்டை விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. தொம். தொம். ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. ஏழாவதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. சட்டை லேசாக ஆடுகிறது.

ஐந்து மணிக்கு டைரக்டர் வந்து பார்த்தார்.

"மிச்ச நாலையும் ஏன் காட்டல?"

"தூக்க ஆள் இல்ல சார்."

"நல்லாத்தான்யா இருக்கு. அந்த மூணாவது மூச்சை மட்டும் இன்னும் சத்தமா வை."

வைத்தார்.

டைரக்டர் போனபின் மணியைப் பார்த்தார். டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார். அண்ணன் உறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

"அண்ணே, எந்திரி. நாளைக்குக் கட்டாயம் போயிடலாம்."

"சீன் இருக்கா, போச்சா?"

"இருக்கு."

அண்ணனால் எழ முடியவில்லை. எடிட்டர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். முழுக் கனமும் தோளில் இறங்கியது. வாய் தானாக மூடிக்கொண்டது. மூக்கு வழியாக நீளமாக மூச்சு வந்தது.

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான்டா சரியா வருது."