பங்குதாரர்கள் வந்திருந்தார்கள்

மில் வாசலில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. நெசவாளி இன்ஸாஃப் இன்னும் ஏறவில்லை. வராதவர்களைத் தெருத்தெருவாகப் போய் இழுத்து வந்துகொண்டிருந்தாள். முதுகுவலி என்று சுருண்டு கிடந்த கிழவர் ஸக்லூலைக் கூட அவள் விடவில்லை.

"என்னை எதுக்கும்மா கெய்ரோவுக்கு இழுக்குற?"

"உன் பேர்ல பங்கு இருக்கா இல்லையா? அந்தாளு மூஞ்சிக்கு நேரா நின்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும். செருப்பை மாட்டு."

அரசாங்கம் மில்லைத் தனியாருக்கு விற்றபோது, போனஸுக்குப் பதிலாக நெசவாளர்கள் தலையில் கட்டிய பங்குகள் அவை. நிர்வாகத் தலைவர் ரவூஃப் பே வந்த பிறகு பாதித் தறிகள் துருப்பிடித்தன. இப்போது ஒரு பங்கை விற்றால் ஒரு கிளாஸ் தேநீர் கூடக் கிடைக்காது. இன்றைய கூட்டத்தில் மில் நிலத்தையே விற்கத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். நிறைவேறினால் மிச்சமிருக்கிற தறியும் போய்விடும், அவர்கள் பிழைப்பும் போய்விடும்.

ஆனால் இன்றைக்கு விடுப்பும் பேருந்தும் கொடுத்ததே நிர்வாகம்தான்.

"பயந்துட்டான்" என்றாள் இன்ஸாஃப். பேருந்தே சிரித்தது.

கூட்டம் நடக்கும் கெய்ரோ ஹோட்டல் வாசலில் டை கட்டிய சிலர் வெயிலில் நின்றிருந்தார்கள். வெளியாட்கள், பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். அவர்களில் தான்தா நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நாஜி ஓடிவந்தார்.

"உள்ளே போகாதீங்க! பேர் பதியாதீங்க! போனா அவனுக்குத்தான் லாபம்!"

"ஏன், அவனைப் பாத்தா உனக்குக் கால் நடுங்குதா? தள்ளிக்க, நாங்க பேசிக்கிறோம்!"

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். காவலாளிகள் அவரை ஓரமாகத் தள்ளினார்கள். வாசல் மேசையில் எல்லோரும் பெயர் கொடுத்து ஆளுக்கொரு அட்டை வாங்கிக்கொண்டார்கள்.

பின்வரிசைகள் நிரம்பின. தறிச் சத்தத்தில் பழகியவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. மண்டபம் அதிர்ந்தது. ரவூஃப் பே மட்டும் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கியை இன்ஸாஃபிடம் கொடுக்கச் சொன்னதும் அவர்தான்.

"மூணு மாசமா சம்பளம் இல்லை. பாய்லர் வெடிச்சு ஒருத்தன் கண்ணு போச்சு. உங்க வீட்டு வாசல்ல மட்டும் வருஷத்துக்கு ஒரு கார் மாறுது. மில்லை நடத்தத் தெரியலேன்னா எழுந்து போங்க. எங்க மண்ணை விக்க நீங்க யாரு?"

பின்வரிசை எழுந்து நின்று கத்தியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதன் முன்னால் அவள் வாய் திறந்தது இதுவே முதல் தடவை.

"நல்லாப் பேசினீங்கம்மா" என்றார் ரவூஃப் பே. "இப்ப ஓட்டெடுக்கலாம்."

ஆதரவு கேட்டபோது முன்வரிசையில் அவர் குடும்பத்தார் ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள். எதிர்ப்பு கேட்டபோது பின்னால் கைகளுக்கு இடையில் சுவரே தெரியவில்லை.

தணிக்கையாளர் பங்குகளை எண்ணினார். கைகளை எண்ணவில்லை. வந்திருக்கும் பங்குகளில் முக்கால்வாசி ஆதரவு, தீர்மானம் நிறைவேறியது என்று படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

ரவூஃப் பே எழுந்தார்.

"தொழிலாளர் சகோதரர்களுக்கு ரொம்ப நன்றி. கம்பெனிப் பங்குல பாதியாவது வந்தாத்தான் கூட்டம் செல்லும். எங்க குடும்பத்துப் பங்கு அதுக்குப் பத்தாது. போன தடவை அதனாலதான் கலைஞ்சுது. இன்னைக்கு உங்க பங்கும் சேர்ந்து பாதியைத் தாண்டிடுச்சு. நீங்க வராம இருந்திருந்தா ஒண்ணும் நடந்திருக்காது."

இன்ஸாஃபின் கையில் ஒலிவாங்கி அப்படியே இருந்தது. வீடு வீடாகப் போய்ப் படுத்திருந்தவர்களையெல்லாம் எழுப்பிக் கூட்டிவந்தது அவள்தான்.

முன்வரிசை கைதட்டத் தொடங்கியது. ஸக்லூல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தறிக்கூடத்தில் கத்துவது போலவே அவளிடம் கத்தினார்.

"கை தட்டுறாங்களே! நாம ஜெயிச்சுட்டோமா, இன்ஸாஃப்?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸக்லூலும் சிரித்துக்கொண்டே, பலமாகக் கைதட்ட ஆரம்பித்தார்.