விழாத எலக்ட்ரான்

...சே, மறுபடியும் அதே வட்டம், நடுவில் ஒரு குண்டுப் பொட்டு, சுற்றிலும் மூன்று வளையம், காலையிலிருந்து இது முப்பத்தெட்டாவது விடைத்தாள், சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல அணுக்கருவை எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன, வாந்தி எடுத்த மாதிரி வரி மாறாமல்... ஊட்டிவிட்டது யார், பதினெட்டு வருஷமாக இந்த டீச்சர்தானே? பக்கத்து மேஜைக்காரர் விரலை நக்கி நக்கித் தாள் புரட்டினார், பார்க்கவே அருவருப்பு. அடுத்ததில் வட்டத்தைக் காணோம், கை பூஜ்யம் போட்டுவிட்டது, அப்புறம்தான் கண் படித்தது. ‘அப்படிச் சுற்றினால் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து இழந்து நடுவில் விழ வேண்டும். விழவில்லையே. அதனால் இந்தப் படம் சரியில்லை.’ அட, யார் பெற்ற பிள்ளையோ, சரியாகத்தானே கேட்கிறது? கூட்டிப் பார்த்தாள், முப்பத்துமூன்று, தேற முப்பத்தைந்து, இந்தக் கேள்விக்கு ரெண்டு. போட்டுத் தொலைக்கலாம், ஆனால் போட்ட மதிப்பெண்ணை அடித்தால் தலைமைத் திருத்துநர் கையெழுத்து வேண்டும், அந்த ஆள், மீசையில் பிஸ்கட் தூளோடு மேஜை மேஜையாகச் சுற்றுகிறவர், குனிந்தால் கழுத்தில் மூச்சு விடுகிறவர், அவரையா கூப்பிடுவது... கூப்பிடாமல் விட்டால் மத்தியானம் சோறு இறங்குமா? உடம்பு கூசக் கூசக் கூப்பிட்டாள்.

“சார், இத கொஞ்சம் பாருங்க, நல்லா யோசிச்சு எழுதியிருக்கு.”

“விடைக்குறிப்புல இருக்கா மேடம்?”

“இல்ல சார். ஆனா சரிதான்.”

“சரியோ தப்போ, படம் எங்க? நாளைக்கு நம்மளத்தான் கேப்பாங்க. விடுங்க.”

தாளில் அவர் கட்டைவிரல் ஈரமாகப் பதிந்தது. மேலே பேச வாயில் வார்த்தை இருந்தது, போன வருஷம் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி ‘ஏன் மிஸ் விழல?’ என்று இதையேதான் கேட்டாள், ‘பரீட்சைக்கு வராது, உட்காரு’ என்று சொன்ன வாயும் இதுதான், வகுப்பே சிரித்தது, தானும் சிரித்தாள். “சரி சார்,” என்றாள். சொன்னதும் அப்பாடா என்று தோள் தளர்ந்தது, இனி வாதாட வேண்டாம், எழுதித் தர வேண்டாம், பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கட்டும்... அடுத்த தாள், வட்டம் இருந்தது, ரெண்டு போட்டாள். அந்த ஆள் மீசைதான் குமட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அவர் போய் நாலு மேஜை தாண்டியாயிற்று, பிறகும் எதற்கு இப்படிக் குமட்டுகிறது...