ஒன்பது இழை

ஈரப் பஞ்சை அப்பாவின் உதட்டில் வைத்து மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாள் புவனா. அப்போதுதான் வீதியின் விசைத்தறிகள் நின்றன.

முதலில் எதிர்த் தறிக்குடோன் நின்றது. அதைக் கேட்டுப் பக்கத்துக் குடோன், பிறகு அதற்கடுத்தது. பத்து எண்ணுவதற்குள் வீதியே அடங்கிவிட்டது. கருமத்தம்பட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த அமைதியின் அர்த்தம் தெரியும். ஒன்று, கரண்டு போயிருக்க வேண்டும். இல்லையென்றால் வீதியில் யாராவது போயிருக்க வேண்டும். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வாசலை எட்டிப் பார்த்தாள். ஒரு வேன் நின்றிருந்தது. பின்கதவு திறந்திருக்க, உள்ளே கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி.

"ஏனுங்க்கா, குமாரசாமி ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா மாசாணியம்மாள் பெட்டியைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகவே சொன்னாள். "அது அடுத்த வீதிங்க. இங்க ஆளு இன்னும் இருக்குதுங்க."

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வேனைக் கிளப்பிப் போய்விட்டார். ஆனால் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. வீதியில் சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் தறி ஓட்டக் கூடாது என்பது அங்கே யாரும் எழுதி வைக்காத சட்டம். எதிர்க்குடோன் அரங்கசாமியிடம் அப்பா முப்பத்தெட்டு வருஷம் தறி ஓட்டியவர். நான்கு நாட்களாக அந்த முதலாளி தன் குடோன் வாசலில் நாற்காலி போட்டு இந்த வீட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பெட்டி வந்து நின்றதும், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் கையாலேயே மெயினை இறக்கிவிட்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்து நிறுத்தினார்கள். மரியாதையில் கொங்குக்காரர்கள் எப்போதும் ஒரு எட்டு முன்னால்தான் இருப்பார்கள்.

புவனாவுக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டத் தெம்பில்லாமல் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா கண்ணைத் திறந்திருந்தார்.

நான்கு நாட்களாக மூடிக் கிடந்த கண். அவள் ஓசூரிலிருந்து வந்து இறங்குவதற்கு முந்தின நாள் மூடியது. "ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு" என்று அம்மா போனில் சொல்லி மூன்று ஞாயிறுகள் ஆகியிருந்தன. கம்பெனியில் ஆடிட் என்று ஒரு ஞாயிறு, மகளுக்குப் பரீட்சை என்று ஒரு ஞாயிறு, மூன்றாவதற்குக் காரணம்கூட ஞாபகமில்லை. வந்து பார்த்தபோது மூச்சு மட்டும்தான் மிச்சம். உறவுக்காரர்கள் ஏதோ ஆசையில் உயிர் நிற்கிறது என்றார்கள். மாரியம்மன் கோயில் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். தாலியை உரசிய தண்ணீர் கொடுத்தார்கள். எதற்கும் அசையவில்லை. அவருக்கு என்ன ஆசையோ, புவனாவுக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவை கண்ணைத் திறந்து, வந்திருப்பது இன்னார் என்று அவர் தெரிந்துகொண்டால் போதும். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

"அப்பா" என்றாள். "நாந்தானுங்ப்பா, புவனா."

அவர் கண் அவளைத் தாண்டிக் கூரைக்குப் போனது. உதடு அசைந்தது.

"கரண்டு போயிருச்சா?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. தறிக்காரர்கள் சத்தத்தில்தான் தூங்குவார்கள். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார்கள். மண்ணும் தாலித் தண்ணீரும் எழுப்பாத மனுஷனை, தறி நின்றது எழுப்பிவிட்டது. காது எப்போதோ பழுதாகிவிட்டது என்றாலும், தரை வழியே ஏறி வரும் அதிர்வை அவர் முதுகு அறியும்.

"அப்பா, என்னையப் பாருங்க." குனிந்து முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். அவர் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, தோளில் துண்டோடு, துக்கத்துக்கென்று முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டு அரங்கசாமி படியேறி வந்தார். கட்டிலில் கிடந்தவர் விழித்துப் பார்ப்பதைக் கண்டதும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி," என்றார். "பெட்டியப் பாத்தனுங்... தப்புப் பண்ணிப்போட்டேன். உசுரோட இருக்கறவருக்குப் போயி..." துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்பவே ஓட்டச் சொல்லிப்போடட்டுங்களா?"

"வேண்டாங்க." புவனா அவசரமாகச் சொன்னாள். "ஓட்டுனா மறுக்காத் தூங்கிருவாருங்க. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, வீடு நடுங்கியது.

எவர்சில்வர் டம்ளர் ஸ்டூலில் தானாக நகர்ந்தது. கூரையில் ஒட்டியிருந்த பழைய பஞ்சுத்தூசி பொலபொலவென்று உதிர்ந்தது. ஆயிரம் தறியை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டாற்போல ஒரு சத்தம் ஓட்டுக்கு மேலே உரசிப் போனது. அப்பாவின் தலை, நான்கு நாட்களாகத் திருப்பிவிட்டால் திருப்பிய பக்கமே கிடந்த தலை, தானாக வாசல் பக்கம் திரும்பியது.

"சூலூர் ஏர்போர்ஸ்ல ஏரோபிளான் ஷோ வருதாமுங்க," என்றார் அரங்கசாமி. "ஒத்திகையாட்ட இருக்குது."

"கட்டிலப் புடிங்க" என்றாள் புவனா.

அம்மாதான் குறுக்கே வந்தாள். "கட்டிலோட வெளிய கொண்டு போறதா? பாக்கறவிய என்ன நெனப்பாங்க?" ஆனால் அவளுடைய கண்ணும் கணவன் கண் போன திசைக்கே போயிற்று. "செரி. தல முன்னால போகட்டும் கண்ணு. கால் முன்னால போகக் கூடாது."

முதலாளி தலைமாட்டைப் பிடித்தார், புவனா கால்மாட்டைப் பிடித்தாள். தலை முன்னால் போக, அப்பா தன் வீட்டு நிலையைத் தாண்டி வெளியே வந்தார். கட்டிலை வேப்பமரத்து நிழல் தாண்டி, வானம் தெரிகிற இடத்தில் இறக்கினார்கள்.

வீதியே வெளியில் நின்றது. தறி நின்றதால் வேலையில்லாத கைகளைக் கட்டிக்கொண்டு, தலைமயிரிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியபடி, எல்லோரும் தெற்கே பார்த்தார்கள். கட்டிலைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டு வழிவிட்டார்கள்.

முதலில் புள்ளிகள்தான் தெரிந்தன. ஒன்பது புள்ளிகள், சத்தமே இல்லாமல். பிறகு அவை சிவப்பும் வெள்ளையுமாக விமானங்களாயின. ஒன்றின் இறக்கைக்குள் இன்னொன்று நுழைந்துவிடுமோ என்று நெஞ்சு பதறுகிற நெருக்கத்தில், ஒரே உடம்பாக, செங்குத்தாக மேலே ஏறின. ஏறும்போதே ஒன்பதின் பின்னாலும் வெள்ளைப் புகை பிரிந்தது. நீல வானத்தில் ஒன்பது கோடு, பக்கத்தில் பக்கத்தில், கோணாமல். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. காலடி மண் வழியாக, கட்டில் கால் வழியாக, எலும்புக்குள் வந்தது.

புவனாவின் கண் நிறைந்துவிட்டது. இது துக்கமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை பெரிய ஒன்று, இத்தனை அழகாக, தங்கள் வீதிக்கு மேலே, இந்த நாளில் ஏன் வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. செத்துக்கொண்டிருக்கும் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

உச்சிக்குப் போன ஒன்பதும் பூ விரிவது போல நாலாபுறமும் பிரிந்து விழுந்தன. இரண்டு மட்டும் திரும்பி வந்து எதிரெதிரே பாய்ந்தன. வீதி மொத்தமும் மூச்சைப் பிடித்தது. மோதவில்லை, ஒன்று தலைகீழாகப் புரண்டு மற்றதைக் கடந்து போனது.

"அது எதுக்குங்க குப்புறப் போவுது?" என்று அம்மா அரங்கசாமியைக் கேட்டாள். அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

அப்போது அப்பாவின் கை கட்டில் சட்டத்தை விட்டு எழுந்தது.

நடுங்கி நடுங்கி முகத்துக்குப் போய், சுட்டுவிரலால் மூக்கின் இடப்பக்கத்தைத் தொட்டது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

"மூக்கு நமைக்குதாட்ட இருக்குது," என்று அம்மா துடைத்துவிடக் குனிந்தாள்.

"இல்லீங்மா," என்றாள் புவனா. "விடுங்க."

தறிக்குடோனுக்குள் பேச்சு எடுபடாது. எல்லாம் கை ஜாடைதான். மீசையை முறுக்கினால் முதலாளி. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. பள்ளிக்கூடம் விட்டு டீத்தூக்கோடு வந்து நிற்கும் ஆறு வயசுப் புவனாவுக்கு அந்த வருஷம்தான் மூக்குக் குத்தியிருந்தது. நாலு தறிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா மூக்கைத் தொட்டால், அது அவள் பெயர். அந்த ஜாடையில் அவளைக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

அவள் மண்டியிட்டுத் தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள். இங்கதான் இருக்கறேன்.

அவர் விரல் மூக்கிலிருந்து மெதுவாக வானத்துக்கு நகர்ந்தது. அங்க பாரு. மேலே ஒன்பதும் மறுபடி சேர்ந்து, கோடு கிழித்துக்கொண்டே தலைக்கு நேராக வந்துகொண்டிருந்தன. அப்பா முகத்தில், தறியில் புதுப் பாவு நூல் ஏற்றி முதல் கெஜம் துணி விழுவதைக் குனிந்து பார்க்கும்போது வருமே, அந்தக் களை. உதடு அசைந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தறிக்குடோனில் வளர்ந்தவளுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும்.

"ஒரு இழகூட அறுகல."

"ஆமாங்ப்பா" என்றாள். "அறுகலீங்."

விமானங்கள் சூலூர்ப் பக்கம் இறங்கி மறைந்தன. வீதி மறுபடி அமைதியானது. அந்த அமைதியில் அப்பாவின் மூச்சு எல்லோருக்கும் கேட்டது. உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டு கொதிக்கிற மாதிரி ஒரு மூச்சு. விழிப்பு வந்ததோடு வலியும் வந்திருந்தது. நெற்றி சுருங்கியது. ஆனாலும் அவர் அவளையே பார்த்தார். இப்போது கண்ணாடி எதுவும் நடுவில் இல்லை. விழித்துக் கிடப்பது அவளுக்காகத்தான் என்று பட்டது அவளுக்கு. மூன்று ஞாயிறு வராமல் இருந்தவளுக்காக.

அவருடைய சுட்டுவிரல் மெத்தைமேல் வட்டம் போட்டது. சின்ன வட்டம். அறுந்த இழையை முடிச்சுப் போட்டாயிற்று, தறியை ஓட்டலாம் என்பதற்கான ஜாடை.

புவனா அந்த விரலைப் பிடித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தாள். பிறகு விட்டாள். விரல் மறுபடி வட்டம் போட்டது.

"ஏனுங்க" என்று அரங்கசாமியைக் கூப்பிட்டாள். "தறிய ஓட்டச் சொல்லுங்க."

"அம்மணி, ஓட்டுனா அவரு..."

"தூங்கட்டுங்க."

அரங்கசாமி அவள் முகத்தைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குடோனுக்குள் போனார். மெயின் ஏறியது. முதல் தறி தட்டியது, அப்புறம் இரண்டாவது, பக்கத்துக் குடோன், அதற்கடுத்தது. மண் அதிரத் தொடங்கியது. கட்டில் கால் வழியாக அது ஏறுவதைப் புவனா தன் முழங்காலில் உணர்ந்தாள். அப்பாவின் நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. இமை மெல்ல இறங்கியது.

கூட்டம் கலைந்து வேலைக்குப் போனது. அம்மா பால் சுடவைக்க உள்ளே போனாள். வட்டம் போட்டுக்கொண்டிருந்த விரல் பாதி வட்டத்தில் நின்றிருப்பதைப் புவனா பார்த்தாள். நெஞ்சின் மேல் கை வைத்தாள். அங்கேயும் தறியின் அதிர்வுதான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. சொன்னால் தறியை நிறுத்திவிடுவார்கள்.

விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். ஒன்பது கோடும் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, வானத்தில் முழு அகலத் துணியாக மிதந்துகொண்டிருந்தன.