பிடரிக் காற்று

...இடப்பக்கக் கொக்கிதான் படுத்துகிறது, வலப்பக்கம் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துவிட்டது, இது மட்டும் குழிக்குள் பாதி நுழைந்து மாப்பிள்ளை முறுக்குக் காட்டுகிறது, முப்பது வருடம் லிஃப்ட் கதவுகளோடு மல்லுக்கட்டியவனுக்கு ஒரு வலைச் சட்டம் தண்ணி காட்டுவதா என்று நினைத்தபடி, முன் இருக்கையின் முதுகில் வயிற்றை அழுத்திக் குனிந்து கிடந்தார் அவர். காரின் கூரையை மடித்துப் பின்னால் அடக்கியாயிற்று. பின் இருக்கையை மூடினாற்போல் படுக்கையாக ஒரு சட்டம், முன் இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க இன்னொரு சட்டம், இரண்டிலும் இழுத்துக் கட்டிய கறுப்பு வலை, அவ்வளவுதான் காற்றுத்தடுப்பு. கூரை திறந்த காரில் காற்று முகத்தில்தான் அடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இல்லை, அது முன்கண்ணாடியைத் தாண்டி மேலே ஏறிப்போய்ப் பின் இருக்கையில் விழுந்து, அங்கிருந்து திரும்பி வந்து பிடரியில் அறைகிறது, எதிரில் வர தைரியமில்லாத ரவுடி மாதிரி... மனைவியின் அந்தக் கழுத்தைத்தானே மூன்று மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். "இதை மாட்டினா பின்னாடி ஆள் உக்கார முடியாது சார்" என்று கடைக்காரர் சொன்னார், "மாமியாரை ஏத்த வேணாமேன்னு இதுக்காகவே வாங்குறவங்களும் இருக்காங்க" என்று அவரே சிரித்துக்கொண்டார். சின்னதாக ஒரு சத்தம், கொக்கி விழுந்துவிட்டது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. இது ஒன்றாவது நம் கைக்கு அடங்கியதே.

மனைவி படியிறங்கி வந்தாள், கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணி, அதன் அடியில் இருப்பதை அவர் இன்னும் நேராகப் பார்த்ததில்லை, கட்டு மாற்றுகிற நேரத்தில் சன்னலுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கரையில் மிதக்கிற பிள்ளை முழங்காலை நிமிர்த்தும். புற்றை அறுத்தெடுத்த பிறகு அந்தத் தொண்டையிலிருந்து வருவது காகிதத்தைக் கசக்குகிற சத்தம். எழுதிக் காட்டச் சொன்னால் முறைக்கிறாள், நான் என்ன ஊமையா என்கிற முறைப்பு. திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது, ஆறு வாரம், இவர் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, பைகூடக் கட்டி வைத்தாயிற்று, அதற்குமுன் இன்னொரு முறை ஏரிச் சாலையில் கூரையைத் திறந்துபோட்டுப் போகவேண்டும் என்று கேட்டவள் அவள்தான். உட்கார்ந்ததும் பின்னால் திரும்பி வலையைத் தொட்டுப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், பரவாயில்லையே என்று அர்த்தம்.

ஏரிச் சாலையில் நாற்பது, அறுபது, எண்பது என்று ஏற்றினார்... அட, தலைக்குமேல் ஆகாயம் அப்படியே இருக்கிறது, காற்று மட்டும் செத்துவிட்டது, கழுத்துத் துணியின் நுனிகூட ஆடவில்லை, என்ஜின் ஏதோ அடுத்த வீட்டில் ஓடுகிற மாதிரி, இத்தனை வருடம் ஏன் இதை வாங்கவில்லை, வாங்கியிருந்தால் அவளுக்குக் குரல் இருந்தபோதே... அப்போதுதான் அவள் பேசினாள், தெளிவாகக் கேட்டது.

"அவங்ககிட்ட சொல்லிட்டேங்க."

"யாருகிட்ட?"

"ஆஸ்பத்திரியில. வியாழக்கிழமை கட்டு மாத்தப் போனேன்ல, அப்பவே. திங்கக்கிழமை வரமாட்டேன், எப்பவுமே வரமாட்டேன்னு எழுதிக் கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"என்ன சொல்ற நீ? ஒரு வார்த்தை கேக்காம..."

"கேட்டேனே. போன ஞாயித்துக்கிழமை, இதே ரோட்டுல. போதும்னு தோணுதுங்க, விட்டுடட்டுமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க, சரின்னீங்க, என் கையைத் தட்டிக் குடுத்தீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். அழுவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்."

போன ஞாயிறு... காற்று காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது, அவள் உதடு அசைந்தது, ஆமாம், அசைந்தது, கூரையை மூடட்டுமா என்றோ குளிருகிறதா என்றோதானே கேட்டிருப்பாள் என்று தலையாட்டியது நினைவிருக்கிறது. இன்னொரு தடவை சொல்லு என்றால் அவள் நெற்றி நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் முட்டும், அதைப் பார்க்க முடியாமல் எதற்கும் தலையாட்டப் பழகியாயிற்று, தேநீரா, சரி, திரைச்சீலையை இழுக்கவா, சரி, பக்கத்து வீட்டுக்காரர் வந்தாரா, சரி, சாவதா, சரி... இரக்கப்பட்டு ஆட்டிய தலை அல்லவா இது. இப்போதே சொல்லிவிடலாம், எனக்குக் கேட்கவில்லையடி, சத்தியமாகக் கேட்கவில்லை, வண்டியைத் திருப்புகிறேன், திங்கட்கிழமை காலையில் போய் மருத்துவர் காலில் விழுந்தாவது அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடச் சொல்லலாம், அவர்கள் என்ன கல்லா. சொன்னால் அவள் வருவாள், முனகாமல் வந்து ஆறு வாரமும் படுத்துக்கொள்வாள். ஆனால் அந்தத் தூக்கம்? தான் சாகட்டுமா என்று கேட்டபோது புருஷனுக்குக் காதே கேட்கவில்லை என்று தெரிந்தபிறகு, எந்தப் படுக்கையில் அவளுக்குத் தூக்கம் வரும்? சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் நான்தான் அனுப்பினேன் என்று ஆகிவிடும், என் தலையசைப்பில்தான் போனாள் என்று ஆகிவிடும்.

வாயைத் திறந்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், அவசரமில்லாமல், எதையும் எதிர்பார்க்காமல், ஏரிக்கரை மரங்களின் நிழல் அவள் முகத்தில் விழுந்து விழுந்து விலகியது. கார் எண்பதிலேயே ஓடியது. கேட்கவில்லை, அதில் சந்தேகமே இல்லை, அந்த இரைச்சலில் எவனுக்குக் கேட்கும், கூரையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்... அப்படியானால் கூரையை ஏன் மூடவில்லை? அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை திறந்தேதானே கிடந்தது. அதுவும் போகட்டும், கூரையை மூடட்டுமா என்று கேட்கிற பெண்டாட்டியின் கையை எவனாவது தட்டிக்கொடுப்பானா?